சாலார் ஜங்கில் அம்மாவோடு ஒரு பகல்

செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். ஆனாலும் பக்கத்திலேயே ஹைதராபாத்தில் இருக்கும் சாலார் ஜங் அருங்காட்சியகத்தை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. பள்ளிச் சுற்றுலாவில் வரிசையாக ஓட்டிக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான். இப்போது மெல்போர்னிலிருந்து மூன்று வார லீவில் வந்தபோது, 71 வயது அம்மாவை அழைத்துக்கொண்டு போய்வந்தேன். முட்டிவலி உள்ள பெரியவர்களோடு போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் டாக்ஸிக்குப் பார்த்தோம். பழைய ஊர் என்றதும் இரண்டு டிரைவர்கள் கேன்சல் செய்தார்கள். மூன்றாவது ஆள் போன் செய்து 200 ரூபாய் கூடக் கேட்டார். "வேண்டாம்டி, மெட்ரோல போயிடலாம்" என்றாள் அம்மா. அதுவே நல்லதாகப் போயிற்று. பரேட் கிரவுண்டில் ஏறினால் பச்சை லைன் நேராக எம்ஜிபிஎஸ்ஸில் (மகாத்மா காந்தி பஸ் நிலையம்) விடுகிறது. லிஃப்ட் இருப்பதால் படி ஏற வேண்டியதில்லை. அங்கிருந்து ஆட்டோ. வெள்ளிக்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், அன்று விடுமுறை. வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு டிக்கெட் விலையும் வேறு.

நிஜாமிடம் திவானாக இருந்த மூன்றாம் சாலார் ஜங், 1914-ல் பதவியை விட்டபின் வாழ்நாள் முழுக்கப் பொருள்கள் சேர்த்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1949-ல் அவர் இறந்தபோது வாரிசு கிடையாது. 1951-ல் அவருடைய மாளிகையிலேயே அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். மூசி ஆற்றங்கரையில் உள்ள இந்தக் கட்டடத்துக்கு வந்தது 1968-ல். ஒரு மனிதரின் ஆசை இவ்வளவு பேருக்குச் சொத்தாகிவிட்டது என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்பட்டால் கால் ஓய்ந்துவிடும். நாங்கள் நாலு இடம் மட்டும் என்று முடிவு செய்துகொண்டோம். முதலில் முக்காடிட்ட ரெபெக்கா. இத்தாலியச் சிற்பி பென்ஸோனி செதுக்கிய பளிங்குச் சிலை. 1876-ல் ரோமில் வாங்கியவர் முதலாம் சாலார் ஜங், அதாவது மூன்றாமவரின் தாத்தா. முகத்தில் விழும் துணி நனைந்த மல்துணி மாதிரி ஒட்டிக்கொண்டு, அதன் வழியாக மூக்கும் உதடும் தெரிகின்றன. துணியும் கல், முகமும் கல். அம்மா ரொம்ப நேரம் பேசவே இல்லை.

அப்புறம் ஒரே மரத்தில் செதுக்கிய இரட்டைச் சிலை. இரண்டு பேருமே ஃபாஸ்ட் என்ற ஜெர்மன் நாடகத்தில் வருகிறவர்கள். முன்னால் நிமிர்ந்து நிற்கும் சாத்தான் மெஃபிஸ்டோஃபிலிஸ். பின்னால் இருக்கும் கண்ணாடியில் பார்த்தால் தலை குனிந்த மார்கரெட்டா. தென்னிந்தியச் செப்புத் திருமேனிகள் இருக்கும் இடத்தில், கும்பகோணத்துக்காரியான அம்மா விஷ்ணுவைப் பார்த்து, "அலங்காரம் இல்லாததாலதான் இடுப்பு மடிப்பெல்லாம் இவ்வளவு அழகாத் தெரியறது" என்றாள். கோயிலில் அறுபது வருடமாகப் பட்டும் பூவும் பார்த்த கண் அது.

12 மணிக்குக் கடிகாரம். கல்கத்தாவின் குக் அண்டு கெல்வி கம்பெனியிடம் வாங்கிய இசைக் கடிகாரம் இது. மணி ஆகப்போகும் நேரத்தில் ஒரு குட்டித் தாடிக்காரர் கதவைத் திறந்துகொண்டு வந்து, எத்தனை மணியோ அத்தனை முறை மணியடித்துவிட்டு உள்ளே போய்விடுவார். எதிரே உட்கார்ந்து பார்க்க இடம் போட்டிருக்கிறார்கள். வயதானவர்களுக்கு இதைவிடப் பெரிய சௌகரியம் இல்லை. ஆனால் 12 அடி கேட்க ஊரே கூடிவிடுகிறது. தூக்கிப் பிடித்த செல்போன்களுக்கு நடுவே அம்மாவுக்குத் தாடிக்காரர் தெரியவே இல்லை.

"ஒரு மணிக்கு ஒரே அடிதானே? அதுக்குக் கூட்டம் இருக்காது" என்றாள்.

சரி, காத்திருப்போம் என்று கொண்டுபோன தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டோம். ஒரு மணிக்கு முன்வரிசையில் அம்மாதான். கதவு திறந்தது. அவர் வந்து ஒரே ஒரு முறை அடித்துவிட்டுப் போனார். அம்மா கை தட்டினாள்.