ஓகேக்யூபிட்: கணக்குப் புலிகளுக்கு ஒரு டேட்டிங் ஆப்

புரோகிராம் எழுத வரும், ஆளிடம் பேசத்தான் வராது என்கிற என்னைப் போன்றவர்களுக்கு இந்த ஆப் பிடித்துப்போவதில் ஆச்சரியமில்லை, 2004இல் இதைத் தொடங்கியவர்களே ஹார்வர்டில் கணக்கு படித்த நாலு பேர்தான். ஆப் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் உங்கள் பதில் என்ன, எதிராளி என்ன சொன்னால் உங்களுக்குச் சரி, அது எவ்வளவு முக்கியம் என்று மூன்றையும் வாங்கிக்கொண்டு, அவரால் உங்களுக்கு எத்தனை சதவீதம் திருப்தி, உங்களால் அவருக்கு எத்தனை என்று தனித்தனியாகப் போட்டு, இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுப்பதுதான் இவர்கள் விளக்கிய கணக்கு. 90க்கும் 40க்கும் சராசரி 65, ஆனால் இந்தக் கணக்கில் 60தான் வரும். ஒருதலைக் காதலுக்கு மார்க் குறைக்கிறார்கள்! எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

அப்புறம் ஒரு நெருடல். 30 சதவீதப் பொருத்தம் உள்ளவர்களிடம் 90 என்று காட்டிப் பார்த்ததாக 2014இல் அவர்களே சொன்னார்கள், அந்த நம்பிக்கையிலேயே ஆட்கள் கூடுதலாகப் பேசியிருக்கிறார்கள். அப்படியென்றால் வர்க்கமூலம் எதற்கு?

நானும் 94 சதவீதத்தை நம்பி ஒரு காபிக்குப் போய், மெக்கானிக்கல் கீபோர்டு பற்றி முக்கால் மணிநேரம் பேசிவிட்டு வந்தேன், அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்கவே இல்லை. தப்பு ஆப் மேல் இல்லை. நீங்கள் இந்த ஆப்பைப் போட்டால், எல்லாக் கேள்விக்கும் 'மிக முக்கியம்' போடாதீர்கள், புரொஃபைலில் 'இசை, பயணம்' என்று எழுதாமல் உங்கள் கிறுக்கு எதுவோ அதையே எழுதுங்கள், நேரில் போனால் அவர் சொன்னதிலிருந்தே அடுத்த கேள்வியைக் கேளுங்கள். கீபோர்டு இரண்டாவது சந்திப்புக்கு.