டிபேஸ் 3 பிளஸ் திரையும் டாஸ் வடிகட்டிகளும்: நெடுநாள் புழக்கத்தில் தெரியவந்தவை

1983-இல் வந்த எம்எஸ்-டாஸ் 2.0 என்ற இயங்குதளத்துடன் ஃபைண்ட் (தேடுவது), சார்ட் (வரிசையாக அடுக்குவது), மோர் (பக்கம் பக்கமாகக் காட்டுவது) என்ற மூன்று சிறு நிரல்கள் வந்தன. இவையே வடிகட்டிகள். ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டும் | குறியும் கூடவே வந்தது. 1985-இல் ஆஷ்டன்-டேட் நிறுவனம் டிபேஸ் 3 பிளஸ் என்ற தரவுத்தள மென்பொருளை வெளியிட்டது. தகவலை உள்ளே ஏற்ற டிபேஸ் திரை, ஏற்றியது சரியா என்று வெளியிலிருந்து பார்க்க டாஸ் வடிகட்டிகள் என்ற இந்த ஜோடியைத் தொடர்ந்து புழங்கினால் ஒன்று தெளிவாகிறது. ஃபீல்டு (பெயர், தேதி போன்ற ஒவ்வொரு தகவலுக்கும் உரிய இடம்) அகலங்களை முதல் நாளே கணக்குப் போட்டு வைத்தவர்களுக்கு இரண்டும் ஒத்துழைக்கும். அதைச் செய்யாமல் திரையை அழகுபடுத்த உட்கார்ந்தவர்களுக்கு இரண்டுமே தொல்லைதான்.

ஒரு நூலக உறுப்பினர் பட்டியலை எடுத்துக்கொள்வோம். உறுப்பினர் எண் 5, பெயர் 25, தெரு 25, பின்கோடு 6, சேர்ந்த தேதி 8, பாக்கித் தொகை 8 (அதில் 2 தசம இடம்). கூட்டினால் 77. இதை டிபேஸில் 'காப்பி டூ மெம்ப் எஸ்டிஎஃப்' என்று, அதாவது ஃபீல்டுகளை அவற்றின் முழு அகலத்தோடு அடுத்தடுத்து எழுதும் எஸ்டிஎஃப் வடிவில் வெளியே எடுத்தால் ஒவ்வொரு ரெக்கார்டும் (ஓர் உறுப்பினரின் முழுத் தகவலும்) 77 எழுத்து கொண்ட ஒரு வரியாகிறது. திரையின் அகலம் 80. ஆகவே ஒரு ரெக்கார்டு ஒரே வரியில் மடங்காமல் நிற்கும். 79-ஐத் தாண்டவிடாதீர்கள். சரியாக 80 எழுத்து இருந்தால் கர்சர் தானே அடுத்த வரிக்குப் போய்விடும், பிறகு வரிமுடிவுக் குறியும் சேர்ந்து இடையில் ஒரு வெற்று வரி விழும்.

இந்த அமைப்பில் பெயர் 6-ஆம் இடத்திலும், பின்கோடு 56-லும், தேதி 62-லும், பாக்கி 70-லும் தொடங்குகின்றன. இந்த எண்களை ஒரு தாளில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டிவைத்தால் போதும் (/+ எண், எந்த இடத்திலிருந்து ஒப்பிட வேண்டும் என்று சார்ட்டுக்குச் சொல்வது; < குறி ஃபைலிலிருந்து ஊட்டும், > குறி வெளியீட்டை ஃபைலில் எழுதும்):

சார்ட் /+6 < மெம்ப்.டிஎக்ஸ்டி | மோர்
சார்ட் /+62 < மெம்ப்.டிஎக்ஸ்டி > தேதி.டிஎக்ஸ்டி

எஸ்டிஎஃப்-இல் தேதி, ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் 19880115 என்று வெளிவருவதால் எழுத்து வரிசையே கால வரிசையாகிவிடுகிறது. பாக்கித் தொகையும் இடப்பக்கம் வெற்றிடம் நிரப்பி வருவதால் /+70 சரியாக அடுக்கும். மைனஸ் தொகைகள் இருந்தால் மட்டும் நம்பாதீர்கள். உறுப்பினர் எண் எழுத்து வகை ஃபீல்டு என்பதால் 10 முதலிலும் 2 பிறகும் வரும். சேமிக்கும்போதே முன்னால் பூஜ்யம் நிரப்பி 00002, 00010 என்று வைப்பதே தீர்வு. டிபேஸ் 3 பிளஸ்ஸில் ரைட்("00000" + எல்டிரிம்(டிரிம்(எண்)), 5) என்ற ஒரு வரி இதைச் செய்துவிடும்.

சார்ட்டின் பெரிய குறை அளவு. ஃபைல் முழுவதையும் நினைவகத்தில் ஏற்றித்தான் அடுக்குகிறது, சுமார் 63 கிலோபைட்டுக்கு மேல் தாங்காது. 77 எழுத்தும் வரிமுடிவின் 2 பைட்டும் சேர்த்து 79 பைட். அப்படியென்றால் 816 ரெக்கார்டு வரைதான். அதற்கு மேல், வரிசையைத் தனி ஃபைலில் குறித்துவைக்கும் டிபேஸின் இண்டெக்ஸையே நம்ப வேண்டும். அடுத்த ஆபத்து, 'சார்ட் < அ.டிஎக்ஸ்டி > அ.டிஎக்ஸ்டி' என்று ஒரே பெயரை இருபுறமும் கொடுப்பது. > குறியைப் பார்த்ததுமே டாஸ் அந்த ஃபைலைக் காலியாக்கிவிடும். சார்ட் படிக்கப் போகும்போது உள்ளே ஒன்றும் இருக்காது.

| குறியைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். டாஸில் இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. முதல் நிரலின் வெளியீட்டை ஒரு தற்காலிக ஃபைலில் எழுதி முடித்த பிறகே அடுத்தது தொடங்கும். பழைய பதிப்புகளில் அந்த ஃபைல் நடப்பு டிரைவின் மூல டைரக்டரியில் உருவாகும். ஃபிளாப்பியில் எழுதுதடைப் பட்டை ஒட்டியிருந்தாலோ, 360 கிலோபைட்டும் நிரம்பியிருந்தாலோ கட்டளை பாதியில் நின்றுவிடும். டாஸ் 5-லிருந்து டெம்ப் என்ற மாறிக்கு ஓர் இடத்தைக் கொடுத்து இதைத் தவிர்க்கலாம். அதற்கு முந்தியவற்றில், எழுத இடமுள்ள டிரைவுக்கு முதலில் மாறிவிட்டு, தகவல் ஃபைலை டிரைவ் பெயரோடு சொல்லி அழைப்பதே வழி.

ஃபைண்டுக்கு இடம் தெரியாது, எழுத்து மட்டுமே தெரியும். "600" என்று தேடினால் 600004 என்ற பின்கோடும் 600.00 என்ற பாக்கியும் சேர்ந்தே வரும். ஃபீல்டு சார்ந்த தேடலை டிபேஸில் 'ஃபார் பின் = "600"' என்று செய்துவிடுங்கள். செட் எக்ஸாக்ட் ஆஃப் நிலையில் தொடக்க எழுத்துகள் பொருந்தினாலே அது எடுத்துக்கொள்ளும். இன்னொன்று பலரைக் குழப்புவது. 'ஃபைண்ட் "ராஜா" மெம்ப்.டிஎக்ஸ்டி' என்று ஃபைல் பெயரைச் சொன்னால், வெளியீட்டின் தலையில் ஒரு வெற்று வரியும் கோடு போட்ட ஃபைல் பெயரும் சேர்ந்துகொள்ளும். அதைத் திரும்ப டிபேஸில் 'அப்பெண்ட் ஃப்ரம்' செய்தால் இரண்டு குப்பை ரெக்கார்டுகள் ஏறிவிடும். < குறி வழியாக ஊட்டினால் அந்தத் தலைப்பு வராது. /என் சுவிட்சும் இதே வகைத் தொல்லை. வரி எண்ணை அடைப்புக்குறியோடு முன்னால் செருகுவதால் எல்லா ஃபீல்டும் இடம் பெயர்ந்துவிடும். அதன் பிறகு சார்ட் /+6-க்குப் பொருளே இல்லை.

கண்ணுக்குத் தெரியும் சொல்லையே ஃபைண்ட் காணவில்லை என்றால், அந்த ஃபைல் வேர்ட்ஸ்டார் என்ற சொற்செயலியின் ஆவண முறையில் சேமிக்கப்பட்டதா என்று பாருங்கள். அந்த முறை சொல்லின் கடைசி எழுத்தில் எட்டாவது பிட்டை ஏற்றிவிடும். திரையில் ஒன்றாகத் தெரிந்தாலும் பைட் வேறு. தகவலுக்கும் நிரலுக்கும் ஆவணமல்லாத முறையே சரி. டிபேஸின் சொந்த எடிட்டரான மாடிஃபை கமாண்டை நம்பவும் வழியில்லை. அதன் எல்லை 5000 எழுத்து. பெரிய நிரலை அதில் திறந்து சேமித்தால் வால் அறுந்துபோகும். டிபேஸின் அமைப்பு ஃபைலான கான்ஃபிக்.டிபி-யில் டிஎடிட் என்ற வரியில் வேறு எடிட்டரின் பெயரைக் கொடுத்துவிடுவது நல்லது.

ஃபைல்களை ஒட்டும்போது 26-ஆம் எண் கொண்ட முடிவுக் குறியை மறக்கக் கூடாது. டிபேஸ் எழுதும் எஸ்டிஎஃப் ஃபைலின் கடைசியில் அது நிற்கும். 'காப்பி அ+ஆ இ' என்று சும்மா ஒட்டினால் டாஸ் இடையில் உள்ள குறியை நீக்கிவிடும். யாரோ சொன்னார்கள் என்று /பி சேர்த்தால் குறி நடுவிலேயே தங்கி, டைப் கட்டளை அங்கேயே நின்றுவிடும். பின்பாதி தொலைந்ததுபோல் தோன்றும். தொலையவில்லை, /பி இல்லாமல் திரும்ப ஒட்டினால் வந்துவிடும்.

இனித் திரை. டிபேஸ் 3 பிளஸ்ஸின் உண்மையான பலம் '@ வரி,இடம் சே … கெட் …' என்ற ஒரே கட்டளையில் இருக்கிறது. சே எழுத்தைக் காட்டும், கெட் தட்டுவதற்கு இடம் தரும். வரிகள் 0 முதல் 24, இடங்கள் 0 முதல் 79. ஆனால் 25 வரியும் நமக்குக் கிடைக்காது. 22-ஆம் வரியை ஸ்டேட்டஸ் பட்டையும் 24-ஐச் செய்தி வரியும் பிடித்துக்கொள்ளும். பட்டையை அணைத்தால், விசை நிலைகளைக் காட்டும் ஸ்கோர்போர்டு 0-ஆம் வரிக்கு ஏறிவிடும். ஆகவே செட் ஸ்டேட்டஸ் ஆஃப், செட் ஸ்கோர்போர்டு ஆஃப் இரண்டையும் சேர்த்தே போட்டு, ஃபீல்டுகளை 3 முதல் 19 வரையிலான வரிகளில் அடக்குங்கள். 21-ஆம் வரியைப் பிழைச் செய்திக்கு என்றே ஒதுக்கிவைத்தால் தட்டுபவரின் கண் ஓரிடத்துக்குப் பழகிவிடும்.

கர்சர் நகரும் வரிசை திரையில் உள்ள இடத்தைப் பொறுத்ததல்ல, நிரலில் கெட் எழுதிய வரிசையைப் பொறுத்தது. திரையில் ஒரு ஃபீல்டை மேலே தூக்கிவைத்துவிட்டு நிரலில் அந்த வரியைக் கீழேயே விட்டால் கர்சர் தாவித் தாவி ஓடும். காகித விண்ணப்பத்தில் எந்த வரிசையோ அதே வரிசையே திரையிலும் இருக்கட்டும். தட்டுபவர் தாளைப் பார்த்துத்தான் தட்டுகிறார், திரையைப் பார்த்து அல்ல. மாடிஃபை ஸ்கிரீன் மூலம் வரைந்து உண்டாக்கும் எஃப்எம்டி ஃபைலைக் கையால் திருத்தினால், அடுத்த முறை வரைந்து சேமிக்கும்போது அத்தனை திருத்தமும் அழிந்துபோகும். வரைவதை முதல் மாதிரிக்கு மட்டும் வைத்துக்கொண்டு பிறகு கையாலேயே பராமரிப்பது மேல்.

நிறத்தில் கவனம் வேண்டும். கலர் மானிட்டரில் அழகாக இருக்கும் நீல எழுத்து, ஐபிஎம்மின் மோனோகுரோம் அட்டையில் அடிக்கோடிட்ட எழுத்தாக மாறிவிடும். வெள்ளை-கறுப்பு, ஃபீல்டுக்கு மட்டும் தலைகீழ் நிறம் என்றிருந்தால் எந்த மானிட்டரிலும் ஃபீல்டின் அகலம் பளிச்சென்று தெரியும். எத்தனை எழுத்து இடமிருக்கிறது என்று காட்டுவதே அந்தப் பட்டையின் வேலை.

செட் கன்ஃபர்ம் ஆன் கட்டாயம் என்பது உறுதியான கருத்து. அது இல்லாவிட்டால் பின்கோட்டின் 6 இடமும் நிரம்பியதும் கர்சர் தானே அடுத்த ஃபீல்டுக்கு ஓடும். ஏழாவது எண் ஒன்று தவறி விழுந்தால் தேதியில் போய் உட்காரும். ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஒரு எண்டர் கூடுதல் என்ற குறை உண்மைதான். பிழை திருத்தும் நேரத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

கெட்டோடு சேர்க்கும் பிக்சர் "999999" எண் அல்லாததைத் தடுக்கும், வெற்றிடத்தைத் தடுக்காது. லென்(டிரிம்(பின்)) < 6 என்று தனியே பார்க்க வேண்டும். கீழெல்லை, மேலெல்லை குறிக்கும் ரேஞ்ச் எண்ணுக்கும் தேதிக்கும் உதவும். ஆனால் மதிப்பை மாற்றாமல் எண்டர் தட்டிப் போனால் அது சோதிப்பதே இல்லை. இந்தப் பதிப்பில் வேலிட் (தட்டியதை அங்கேயே சோதிக்கும் வசதி) கிடையாது என்பதால், எல்லாச் சோதனையையும், கெட்களை இயக்கும் ரீடு கட்டளைக்குப் பிறகு நாமே எழுதியாக வேண்டும்.

அதனால்தான் ஃபீல்டை நேரடியாகக் கெட் செய்யக் கூடாது. அப்பெண்ட் பிளாங்க் (வெற்று ரெக்கார்டு சேர்க்கும் கட்டளை) செய்துவிட்டு ஃபீல்டில் தட்டவிட்டால், தட்டுபவர் எஸ்கேப் அடித்ததும் ஒரு வெற்று ரெக்கார்டு ஃபைலிலும் இண்டெக்ஸிலும் தங்கிவிடும். நினைவக மாறிகளில் வாங்குங்கள், சோதியுங்கள், அந்த எண் ஏற்கெனவே உண்டா என்று சீக் செய்யுங்கள், எல்லாம் சரியென்றால் மட்டும் அப்பெண்ட் பிளாங்க், ரீப்ளேஸ். ரீடு எந்த விசையால் முடிந்தது என்று சொல்லும் ரீட்கீ() 12 அல்லது 268 தந்தால் எஸ்கேப். 268 என்றால் ஏதோ மாற்றிய பிறகு எஸ்கேப், அப்போது ஒரு முறை கேட்டுவிட்டு விடுவிப்பது நல்லது. கடைசி ஃபீல்டில் எண்டர் தட்டினாலே ரீடு முடிந்துவிடும் என்பதால், "சரியா?" என்று ஓர் எழுத்து மாறியைக் கடைசி கெட் ஆக வையுங்கள்.

தமிழில் பெயர் ஏற்றும்போது அகலக் கணக்கு மாறும். அரசு ஆய்வு நிறுவனமான சிடாக் உருவாக்கிய ஜிஸ்ட் அட்டையும், இந்திய மொழி எழுத்துகளுக்கான இஸ்கி குறிமுறையும் டாஸ் நிரல்களில் தமிழைக் காட்டின. ஆனால் இஸ்கியில் மெய், உயிர்க்குறி, புள்ளி ஒவ்வொன்றும் தனி பைட். "தமிழ்" 5 பைட். "கிருஷ்ணமூர்த்தி" எழுத்தில் 8, பைட்டில் 15. பெயருக்கு 25 போதாது, 40 வேண்டும். அப்போது 80 இடக் கணக்கு உடைகிறது. தெருவைத் தனி ஃபைலுக்கு மாற்றி உறுப்பினர் எண்ணால் இணைப்பது ஒரு வழி. அகரவரிசையும் பிசகும். இஸ்கியில் ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற, வ-வுக்கு முன்பே ள, ழ. டாஸ் 3-க்குப் பிந்திய சார்ட் 127-க்கு மேற்பட்ட பைட்டுகளை நாட்டு அட்டவணைப்படி வரிசைப்படுத்துகிறது. அ, ஆ-வுக்கான 164, 165 ஆகிய எண்கள் டாஸின் எழுத்து அட்டவணைகளில் ஒன்றான கோட்பேஜ் 437-இல் ஸ்பானிய என்யேயின் (ñ) சிறிய, பெரிய வடிவங்கள் என்பதால் இரண்டையும் ஒன்றாகவே பாவிக்கும். தமிழ்ப் பட்டியலுக்கு, வரிசைக்கென்றே எண்களாலான ஒரு தனி ஃபீல்டு வைத்து டிபேஸில் இண்டெக்ஸ் செய்வதுதான் நம்பத்தக்கது.

டாஸின் அமைப்பு ஃபைலான கான்ஃபிக்.சிஸ்-இல் ஃபைல்ஸ்=20 (ஒரே நேரத்தில் திறக்கக்கூடிய ஃபைல் எண்ணிக்கை) இல்லாவிட்டால் இரண்டு தரவு ஃபைலும் இண்டெக்ஸும் திறக்கும்போதே டிபேஸ் முரண்டும். டாஸின் இயல்பு எண்ணிக்கை 8, அதில் 5 டாஸுக்கே போய்விடும்.

மின்வெட்டுதான் மிகக் கொடியது. டிபேஸ் தகவலைச் சேமிக்கும் டிபிஎஃப் ஃபைலின் தலைப்பகுதியில் உள்ள ரெக்கார்டு எண்ணிக்கை, ஃபைலை மூடும்போதுதான் புதுப்பிக்கப்படுகிறது. நடுவில் மின்சாரம் போனால் அன்று ஏற்றியவை வட்டில் இருந்தாலும் டிபேஸின் கணக்கில் இருக்காது. பத்து ரெக்கார்டுக்கு ஒருமுறை நிரலிலேயே யூஸ் கட்டளையால் மூடித் திறந்துவிடுங்கள். இழப்பு அதற்குள் அடங்கும்.

மாலையில் மூடுவதற்கு முன் எஸ்டிஎஃப் நகல் எடுத்து, ஃபைலில் வரவே வாய்ப்பில்லாத எழுத்துகளைக் கொடுத்து 'ஃபைண்ட் /வி /சி "~~~" < மெம்ப்.டிஎக்ஸ்டி' என்று எண்ணிப் பாருங்கள் (/வி பொருந்தாத வரிகளை எடுக்கும், /சி எண்ணிக்கையை மட்டும் தரும்). வரும் எண், ரெக்கார்டு எண்ணிக்கையைச் சொல்லும் டிபேஸின் ரெக்கவுண்ட்() உடன் ஒத்துப்போக வேண்டும். குறைந்தால் முதலில் செட் டெலீட்டட் ஆன் நிலையில் நகல் எடுக்கப்பட்டதா என்று பாருங்கள். நீக்கக் குறியிட்டவற்றை ரெக்கவுண்ட்() எண்ணும், அந்த நிலையில் எடுத்த நகல் விட்டுவிடும். அது இல்லையென்றால், பாதியில் ஒரு முடிவுக் குறி உட்கார்ந்திருக்கிறதா என்று டைப் செய்து பார்த்து, எந்த உறுப்பினர் எண்ணோடு வரிகள் நிற்கின்றனவோ அதற்கு அடுத்த ரெக்கார்டைத் திறந்து சரிபார்க்க வேண்டும்.