பிஎச்பி-யை எந்த ரெப்போவிலிருந்து போடுவது? உபுண்டு, ஒன்ட்ரேய், ரெமி, டாக்கர்: ஓர் ஒப்பீடு

மதுரையில் ஜவுளிக்கடை, அச்சகம், தனியார் பள்ளி, பூ மொத்த வியாபாரம் என்று சின்ன நிறுவனங்களுக்குச் சர்வர் வைத்துத் தருபவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். புது விபிஎஸ் (வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சர்வர்) எடுத்து, லினக்ஸ் வகையான உபுண்டுவை ஏற்றி, தளத்தைப் பரிமாறும் வலை சர்வரான என்ஜின்எக்ஸ் போட்டு முடித்ததும் அடுத்த கேள்வி இதுதான்: தளத்தின் நிரல்களை ஓட்டும் பிஎச்பி-யை எந்த ரெப்போவிலிருந்து, அதாவது எந்த மென்பொருள் களஞ்சியத்திலிருந்து எடுப்பது? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கடை, ஒரு அப்ளிகேஷன், சர்வரைத் தினமும் பார்க்க ஆள் இல்லை என்றால், உபுண்டு எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுள்ள வெளியீடு) அல்லது இன்னொரு லினக்ஸான டெபியனின் சொந்த ரெப்போவே போதும். வேறு எதற்குப் போனாலும் அதற்கு ஒரு திட்டவட்டமான காரணம் இருக்க வேண்டும்.

பெரும்பாலும் எல்லாரும் பார்ப்பது வெர்ஷன் எண்ணை. 8.4 வந்துவிட்டது, நம்மிடம் 8.3தானே இருக்கிறது என்று ஒரு குறை. ஆனால் நீங்கள் வேலையை முடித்துக் கொடுத்து, பணம் வாங்கி, அடுத்த வேலைக்குப் போனபிறகு அந்த மெஷினில் ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால், அதை அடைக்கும் திருத்தம் தானாக வந்து சேருமா? வெர்ஷனைவிட இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சொந்த ரெப்போவின் கணக்கு எளிது. உபுண்டு 20.04-ல் பிஎச்பி 7.4, 22.04-ல் 8.1, 24.04-ல் 8.3. டெபியன் 12-ல் 8.2, 13-ல் 8.4. அந்த வெளியீடு ஓடும்வரை எண் மாறாது. பிஎச்பி குழு ஒரு வெர்ஷனுக்கு இரண்டு ஆண்டுகள் முழு ஆதரவும், அதன்பின் இரண்டு ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தம் மட்டும் தருகிறது. அந்தக் கணக்கில் 8.1-க்கு 2025 டிசம்பர் 31-உடன் கெடு முடிந்தது. ஆனால் உபுண்டு 22.04-ல் இருக்கும் 8.1-க்கு, உபுண்டு குழு 2027 ஏப்ரல் வரை திருத்தங்களைத் தானே பின்னோக்கிக் கொண்டுவந்து சேர்க்கும். மூலக் குழு கைவிட்ட பிறகும் நம் மெஷினுக்கு ஆதரவு தொடரும் என்பது சின்னக் கடைக்குப் பெரிய பலம். உபுண்டு சர்வரில் தானியங்கி அப்டேட்டும் இயல்பாகவே இயங்குகிறது. பாதுகாப்புப் பிரிவில் வருவதை அதுவே ஏற்றிவிடும்.

இதில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். 24.04-ல் வெர்ஷன் கேட்டால் 8.3.6 என்றுதான் காட்டும். யாராவது பாதுகாப்பு ஸ்கேனர் ஓட்டி, "பழைய பிஎச்பி, ஆபத்து" என்று அறிக்கை தந்தால் கடைக்காரர் பதறுவார். அந்த ஸ்கேனர் 8.3.6-ஐ மட்டும் படித்திருக்கிறது, அதற்குப் பின்னால் உபுண்டு ஒட்டியிருக்கும் எண்ணைப் படிக்கவில்லை. திருத்தம் உள்ளே போயிருக்கும், முன் எண் அப்படியே நிற்கும். பேக்கேஜின் மாற்றக் குறிப்பான சேஞ்ச்லாக்கைத் திறந்து, அந்த ஓட்டைக்கு உரிய சிவிஇ என்ற அடையாள எண் அங்கே இருப்பதைக் காட்டினால் பேச்சு முடிந்தது.

குறைகளும் உண்டு. பிஎச்பி-யோடு கூடுதலாகச் சேர்க்கும் இமேஜிக் (படங்களைக் கையாள), ரெடிஸ் (தற்காலிகத் தரவைச் சேமிக்க) போன்ற நீட்சிகள் உபுண்டு குழு நேரடியாகப் பராமரிக்கும் மெயின் பிரிவில் இல்லை, சமூகம் பராமரிக்கும் யூனிவர்ஸ் பிரிவில் இருக்கின்றன. அவற்றுக்கு உறுதியான பாதுகாப்புத் திருத்தம் வேண்டுமானால் உபுண்டு ப்ரோ சந்தா எடுக்க வேண்டும். தனிநபர் பயன்பாட்டுக்கு 5 மெஷின் வரை அது இலவசம். அப்புறம், பிஎச்பி என்று வெறுமனே பெயரைக் கொடுத்து இன்ஸ்டால் செய்யாதீர்கள். அது இன்னொரு வலை சர்வரான அப்பாச்சியையும் இழுத்துக்கொண்டு வரும். ஏற்கெனவே என்ஜின்எக்ஸ் 80-ஆம் போர்ட்டில் உட்கார்ந்திருக்கும் மெஷினில் வீண் சண்டை. வெர்ஷன் எண்ணோடு, என்ஜின்எக்ஸுக்காக பிஎச்பி-யை ஓட்டித் தரும் எஃப்பிஎம் பேக்கேஜைக் கேட்டு வாங்குங்கள்.

எந்த ரெப்போ என்றாலும் தமிழில் பில் அடிப்பவர்கள் மறக்கக் கூடாத இரண்டு பேக்கேஜ்கள் உண்டு: பைட்டுக்குப் பதில் குறியீடுகளை எண்ணும் எம்பிஸ்ட்ரிங் (mbstring), மொழிக்கேற்ப எழுத்துகளைக் கையாளும் இன்டெல் (intl; சிப் நிறுவனம் அல்ல). டெபியன், உபுண்டு, பின்னால் சொல்லப்போகும் ரெமி எல்லாவற்றிலும் இவை தனிப் பேக்கேஜ்கள், தாமாக வராது. "தம்பி, பில்லுல ஊர் பேரு கடைசில கட்டங்கட்டமா வருதே" என்று விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடையிலிருந்து போன் வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். 'மதுரை' என்ற சொல்லைச் சாதாரண நீளச் செயற்கூறு எண்ணினால் 15 என்று சொல்லும். எம்பிஸ்ட்ரிங் எண்ணினால் 5. நாம் கண்ணால் பார்ப்பது 3 எழுத்து, அந்த 3-ஐச் சரியாகச் சொல்வது இன்டெல். பில்லில் இடம் போதவில்லை என்று 10 பைட்டில் வெட்டினால் நாலாவது குறியீடு உடைந்து கட்டமாகிவிடும். எம்பிஸ்ட்ரிங்கை வைத்து 4-ல் வெட்டினால் 'மதுர' என்று நின்றுவிடும், ஐகாரக் குறி போய்விடும். ஆகவே ஊர்ப்பெயர், ஆள்பெயர் வெட்டும் இடத்திலெல்லாம் இன்டெல் தரும் செயற்கூறுகளைப் பயன்படுத்துங்கள்.

சரி, எப்போது ஒன்ட்ரேய் சூரியின் ரெப்போவுக்குப் போகலாம்? உபுண்டுவுக்கு பிபிஏ-வாகவும் (தனிநபர் நடத்தும் ரெப்போ), டெபியனுக்குத் தனி ரெப்போவாகவும் அவர் தருகிறார். டெபியனிலேயே பிஎச்பி பேக்கேஜ்களைப் பராமரிப்பவரும் அவர்தான் என்பதால் நம்பிக்கை வைக்கலாம். கோப்புகள் இருக்கும் இடம், பெயர் வைக்கும் முறை எல்லாம் நமக்குப் பழகியவையே. லாரவெல் 11 என்ற பிஎச்பி கட்டமைப்புக்குக் குறைந்தது பிஎச்பி 8.2 வேண்டும். உங்கள் மெஷின் 22.04 என்றால் சொந்த ரெப்போவின் 8.1 அதற்குப் பற்றாது. இது நியாயமான காரணம். ஒரே மெஷினில் ஒரு வாடிக்கையாளருக்கு 7.4, இன்னொருவருக்கு 8.3 என்று பக்கத்தில் பக்கத்தில் ஓட்ட வேண்டுமானாலும் இதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஒவ்வொரு வெர்ஷனுக்கும் தனி எஃப்பிஎம், தனி சாக்கெட் (என்ஜின்எக்ஸ் அதோடு பேசும் வாயில்), தனி அமைப்புக் கோப்பு. என்ஜின்எக்ஸில் அந்தந்தத் தளத்துக்கு அந்தந்தச் சாக்கெட்டைக் காட்டினால் போதும்.

ஆனால் இங்கே கவனிக்க வேண்டியவை அதிகம். முதலாவது, தானியங்கி அப்டேட் இந்த பிபிஏ-வை இயல்பாக எடுத்துக்கொள்ளாது. அனுமதிக்கப்பட்ட மூலங்கள் பட்டியலில் நீங்களே சேர்க்க வேண்டும். சேர்க்காமல் விட்டால், நீங்கள் உள்ளே போய் அப்டேட் ஓட்டும்வரை பிஎச்பி அப்படியே கிடக்கும். இரண்டாவது, ரெடிஸ் நீட்சியை வெர்ஷன் எண் இல்லாமல் கேட்டால் அங்கே இருக்கும் ஆகப் புதிய பிஎச்பி-யும் சேர்ந்து வந்து இறங்கும். கமாண்ட் லைனில் ஒரு வெர்ஷன், தளத்தில் ஒரு வெர்ஷன் என்று ஆகி, நேரம் குறித்துத் தானாக ஓடும் கிரான் வேலைகள் வேறு மாதிரி நடக்கத் தொடங்கும். மூன்றாவதுதான் எனக்குப் பெரிய கவலை. 22.04-லிருந்து 24.04-க்கு ஏற்றும்போது உபுண்டுவின் அப்கிரேட் கருவி வெளி ரெப்போக்களை எல்லாம் முடக்கிவிடும். தளம் ஓடிக்கொண்டிருக்கும், எந்தப் பிழையும் தெரியாது, ஆனால் பிஎச்பி-க்கு இனி திருத்தமே வராது. அப்கிரேட் முடிந்ததும் பிபிஏ-வைப் புது வெளியீட்டின் பெயரில் மறுபடி இயக்குவதை வேலைப் பட்டியலில் எழுதி வையுங்கள்.

எல்டிஎஸ் வெளியீடு இரட்டைப்படை ஆண்டுகளில் ஏப்ரலில் வரும், நமக்குச் சித்திரைத் திருவிழா நெருங்கும் நேரம். அப்போது அவசரப்பட்டு எந்தக் கடைச் சர்வரிலும் கைவைக்க வேண்டாம். பழைய எல்டிஎஸ்-ஸுக்கு அப்கிரேட் அழைப்பே முதல் திருத்த வெளியீட்டுக்குப் பிறகுதான் வரும். ஆடித் தள்ளுபடி விற்பனை முடிந்து, தீபாவளிக் கூட்டம் தொடங்குமுன் செய்தால் நிதானமாகச் செய்யலாம்.

ரெட்ஹாட் குடும்ப லினக்ஸ்களான அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ரெமி கொலேயின் ரெப்போ. ரெட்ஹாட் 9 குடும்பம் பிஎச்பி 8.0-உடன் வந்தது, புதியவை பின்னால், வேண்டியதைத் தேர்ந்து இயக்கும் மாட்யூல்களாக வந்தன. முதலில் அவற்றில் வேண்டியது இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ரெமி. ரெமிக்கு ஈபெல் என்ற கூடுதல் ரெப்போ முதலில் வேண்டும். பல வெர்ஷன் தேவைப்பட்டால், ரெமி தரும் பேக்கேஜ்கள் தனி இடத்தில் இறங்கி சிஸ்டத்தின் பிஎச்பி-யைத் தொடாமல் இருக்கும். ஒன்ட்ரேய்க்கு ஈடான தரம்தான்.

அப்ளிகேஷனையும் அதற்கு வேண்டியவற்றையும் இமேஜ் என்ற ஒரே பொதியாகக் கட்டி, கன்டெய்னராக ஓட்டும் டாக்கர் பற்றி என் கருத்து கொஞ்சம் கறாரானது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து எழுதும் அப்ளிகேஷன், எல்லார் லேப்டாப்பிலும் ஒரே சூழல் வேண்டும் என்றால் அருமையான வழி. ஆனால் இமேஜுக்குள் இருக்கும் பிஎச்பி-யை மெஷினின் தானியங்கி அப்டேட் தொடாது. புது இமேஜை இழுத்து, மறுபடி பில்டு செய்து, கன்டெய்னரை மாற்றுவது ஒருவர் கையால் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்கென்று ஏற்பாடு வேண்டும். அதிகாரப்பூர்வ இமேஜில் எம்பிஸ்ட்ரிங் இருக்கும், இன்டெல் இருக்காது, நாமே சேர்க்க வேண்டும். ஏற்றிவிட்டு மறந்துவிடும் கடைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிஎச்பி-யை மூல நிரலிலிருந்து நாமே கம்பைல் செய்வது இன்றைக்கு அநேகமாகத் தேவையே இல்லை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் நீங்களே மறுபடி உட்கார வேண்டும். கல்லாவுக்குக் கீழேயே சர்வர் வைத்திருக்கும் கடைகளில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் யுபிஎஸ் இறங்கிவிட்டால் பாதியில் நிற்கும் வேலை அது. உபுண்டு, டெபியனில் பேக்கேஜ் ஏற்றும் ஆப்ட் பாதியில் நின்றால், பெரும்பாலும் அதன் அடியில் இயங்கும் டிபிகேஜி-யின் கன்ஃபிகர் கட்டளை விட்ட இடத்திலிருந்து முடித்துத் தரும்.

வேறு யாரோ அமைத்த மெஷின் உங்கள் கைக்கு வந்தால் முதலில் ஆப்ட்-கேஷ் பாலிசி கட்டளையை எஃப்பிஎம் பேக்கேஜின் பெயரோடு ஓட்டுங்கள். எந்த ரெப்போவிலிருந்து வந்தது, அந்த ரெப்போ இன்னும் இயங்குகிறதா என்று அங்கேயே தெரியும். பட்டியலில் மெஷினில் இருப்பது மட்டும் தெரிந்து, ரெப்போ முகவரி ஒன்றும் இல்லை என்றால் அந்த பிஎச்பி அநாதை. பழைய பில்லிங் மென்பொருளுக்காக 5.6 ஓடுகிறது என்றால், ரெப்போவை மாற்றிப் பயனில்லை. அதற்குப் பிஎச்பி குழு 2018 டிசம்பர் 31-உடன் திருத்தத்தை நிறுத்திவிட்டது. அந்தத் தளத்தை இணையத்திலிருந்து விலக்கி, கடைக்குள் மட்டும் திறக்கும்படி வைத்துவிட்டு, மென்பொருளை எழுதியவரிடம் புது பிஎச்பி-க்கு மாற்றித்தர என்ன செலவாகும் என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.