பீர்மேட்டு எஸ்டேட் மண் அணைகளுக்கான ஆய்வுச் சேவை: பாதி நிறைவு

அபாய வகையையும் கரையின் திடத்தையும் குழப்பாததே இந்தச் சேவை தரும் ஆய்வு அறிக்கையின் பலம். அணை உடைந்தால் கீழேயுள்ள லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) உயிர் போகுமா என்பதே வகையை முடிவு செய்யும். நேற்றுக் கட்டிய கரையும் 'உயர் அபாயம்' ஆகலாம். கசிவையும் சரியாகப் பிரிக்கிறார்கள். தெளிந்து வந்தால் வாராவாரம் அளந்தால் போதும். கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது: நீர்மட்டத்தை இறக்கி, ஊற்றின்மேல் மணல், அதற்கு மேல் சல்லி பரப்ப வேண்டும். களிமண்ணால் அடைத்தால் வேறிடத்தில் பீறிடும்.

மதகுக் குழாயின் வெளிவாயைப் பார்க்காதது பெரிய குறை. அரிப்பு பெரும்பாலும் குழாயை ஒட்டியே ஓடும். கலிங்கில் (மிகுநீர் வழியும் இடத்தில்) மீன் தப்பாமலிருக்கக் கட்டும் வலையைப் பற்றியும் பேச்சில்லை. அதில் சருகு அடைத்தால் வெள்ளம் கரையேறிவிடும். 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் 10 மீட்டருக்குக் குறைந்த கரையைத் தொடாது என்று மட்டும் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறார்கள்.