ஃபைல் சர்வருக்கு ஃப்ரீபிஎஸ்டி: பூட்டில் கெட்டி, பகிர்வில் கொஞ்சம் ஊமை

என் ஃபைல் சர்வரில் ஓடுவது ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இலவச இயங்குதளம். அதை மாற்றாமல் வைத்திருக்க முதல் காரணம், அது பூட் ஆகாமல் நிற்கும் விதம். எங்கே சிக்கலோ அங்கேயே நிற்கும், காரணத்தைச் சொல்லும், கையில் ஒரு ப்ராம்ப்ட்டையும் கொடுக்கும்.

இன்னொரு டிஸ்க் சேர்த்தபோது நடந்ததைச் சொல்கிறேன். புது டிஸ்க் முதல் போர்ட்டில் உட்கார்ந்ததால், அதுவரை ஏடிஏ0 என்று இருந்த பழைய டிஸ்க் ஏடிஏ1 ஆகிவிட்டது. கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) பழைய பெயரிலேயே ரூட்டை, அதாவது சிஸ்டம் கோப்புகள் இருக்கும் பார்ட்டிஷனைத் தேடியது, கிடைக்கவில்லை. திரையில் ‘எரர் 19’ என்று ஒரு வரி, அதற்குக் கீழே ‘மவுண்ட்ரூட்>’ ப்ராம்ப்ட். 19 என்றால் அப்படி ஒரு சாதனமே இல்லை என்று அர்த்தம். அங்கே ஒரு கேள்விக்குறியைத் தட்டினால் போதும், கெர்னலுக்குத் தெரிகிற டிஸ்க், பார்ட்டிஷன் பெயர்கள் எல்லாம் வந்து விழும். அதைப் பார்த்துப் புதுப் பெயரை அடித்தேன், ரூட் மவுண்ட் ஆனது (சிஸ்டத்தோடு இணைந்தது). அப்புறம் எஃப்எஸ்டேப்பில் (எதை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல் கோப்பு) இருந்த பழைய பெயரால் ஃபைல்சிஸ்டம் சோதனை தடைபட்டு சிங்கிள் யூசர் என்ற பழுதுபார்க்கும் நிலையில் நின்றது. அங்கே ரூட் படிக்க மட்டுமே திறந்திருக்கும். எழுதும்படி மாற்றிக்கொண்டு எஃப்எஸ்டேப்பைத் திருத்தி, மறுபடி பூட் செய்தேன். மீட்பு யூஎஸ்பி எதையும் தேடி ஓடவில்லை.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் ஏடிஏ எண்ணை நம்பாதீர்கள். பார்ட்டிஷனுக்கு ஜிபிடி லேபிள் (டிஸ்க்கின் பார்ட்டிஷன் அட்டவணையிலேயே பதியும் பெயர்) வைத்து, எஃப்எஸ்டேப்பில் அந்த லேபிளையே எழுதுங்கள். டிஸ்க் எந்தப் போர்ட்டுக்குப் போனாலும் லேபிள் கூடவே போகும்.

இசட்எஃப்எஸ் என்ற ஃபைல்சிஸ்டத்தில் நிறுவியவர்களுக்கு இன்னும் நிம்மதி. பூட் என்விரான்மென்ட்களை (சிஸ்டத்தின் பூட் ஆகக்கூடிய நகல்கள்) கையாளும் பிஇசிடிஎல் கருவி 12.0 பதிப்பிலிருந்து கூடவே வருகிறது. அப்டேட்டுக்கு முன் ஒன்றை உருவாக்கி வைத்தால், ஏதாவது கோளாறு ஆனாலும் லோடர் (சிஸ்டத்தை எழுப்பும் நிரல்) மெனுவிலேயே பழையதைத் தேர்ந்தெடுத்து எழுப்பிவிடலாம். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பூல் (இசட்எஃப்எஸ் டிஸ்க்குகளின் தொகுதி) அப்கிரேட் கட்டளையை அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். பூலில் புது வசதிகள் வந்துவிடும், ஆனால் பூட்டுக்கான இஎஃப்ஐ பார்ட்டிஷனில் இருக்கும் லோடர் பழையதாகவே இருக்கும். அந்த வசதி அதற்குப் புரியாவிட்டால் பூலைப் படிக்காது, சர்வர் எழாது. முதலில் புது லோடரைக் கையால் நகலெடுத்து வைத்துவிட்டுத்தான் அப்கிரேட். இது தானாக நடக்க வேண்டிய வேலை என்பது என் கருத்து.

இனி பகிர்வு. இங்கேதான் மதிப்பெண் குறைகிறது. யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளுக்கு ஃபோல்டர்களைப் பகிரும் என்எஃப்எஸ்ஸில் எது தப்பினாலும் எதிர்முனையில் பெரும்பாலும் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்ற ஒரே பல்லவிதான். நிஜக் காரணம் சர்வரின் மெசேஜஸ் லாகில் உட்கார்ந்திருக்கும். எதை யாருக்குப் பகிர்வது என்று எழுதும் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஒரே ஃபைல்சிஸ்டத்தில் இருக்கும் இரண்டு ஃபோல்டர்களை ஒரே கணினிக்குக் கொடுக்கும்போது, இரண்டையும் ஒரே வரியில் எழுத வேண்டும். தனித்தனி வரியாக எழுதினால் இரண்டாவது வரி செல்லாது. திருத்திய பிறகு அந்தக் கோப்பைப் படிக்கும் மவுண்ட்டி சேவையை ரீலோடு செய்யாவிட்டால் பழைய விதியே தொடரும்.

மவுண்ட் ஆகியும் எழுத முடியவில்லையா? யூசர் எண்ணைப் பாருங்கள். லினக்ஸில் முதல் யூசருக்குப் பெரும்பாலும் 1000, ஃப்ரீபிஎஸ்டியில் 1001. வழக்கமான என்எஃப்எஸ் அமைப்பில் பெயர் ஒன்றாக இருந்து பயனில்லை, எண்தான் கணக்கு. இரண்டு பக்கமும் எண்ணை ஒன்றாக்குங்கள், அல்லது எக்ஸ்போர்ட்ஸில் மேப்ஆல் கொடுத்து எல்லாரையும் ஒரே யூசராக்குங்கள். ரூட்டாக (நிர்வாகி யூசராக) போய்ப் பார்க்கலாம் என்றால் அதுவும் நடக்காது. ரூட் யூசரைச் சர்வர் இயல்பாகவே அதிகாரமில்லாத யூசராக மாற்றிவிடும்.

ஃபோல்டர் காலியாகத் தெரிந்தால் கோப்புகள் போய்விட்டன என்று பதற வேண்டாம். இசட்எஃப்எஸ்ஸில் ஒவ்வொரு டேட்டாசெட்டும் தனி ஃபைல்சிஸ்டம். என்எஃப்எஸ் பதிப்பு 3 மேல் டேட்டாசெட்டிலிருந்து உள்ளே இருப்பதற்குத் தானாகத் தாண்டாது, வெறும் ஃபோல்டரைத்தான் காட்டும். உள்ளே இருப்பதையும் எக்ஸ்போர்ட் செய்து தனியாக மவுண்ட் செய்யுங்கள். பதிப்பு 4-க்கு மாறினால் அந்தத் தனி மவுண்ட் வேண்டாம்.

விண்டோஸ் முறையில் பகிரும் சாம்பாவில் குழப்பம் குறைவு. அது அடிப்படை சிஸ்டத்தில் இல்லாத தனித் தொகுப்பு என்பதால், அமைப்புக் கோப்பு லினக்ஸில் இருக்கும் இடத்தில் இருக்காது. யூஎஸ்ஆர் லோக்கலுக்குள் எஸ்எம்பி4 என்ற பெயரில் தேடுங்கள். திருத்தியதும் டெஸ்ட்பார்ம் ஓட்டினால் எழுத்துப்பிழையைக் காட்டிக்கொடுக்கும். பாஸ்வேர்டும் தனி. சிஸ்டத்தில் யூசர் இருந்தாலும் சாம்பாவில் ஒருமுறை சேர்த்தே ஆக வேண்டும்.

பழைய ஸ்கேனரோ டிவியோ மட்டும் பகிர்வைப் பார்க்க மறுத்தால், அது எஸ்எம்பி1 (விண்டோஸ் பகிர்வு நெறிமுறையின் பழைய பதிப்பு) மட்டும் பேசும் சாதனமாக இருக்கலாம். 2019-இல் வந்த சாம்பா 4.11 முதல் அது இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. ஒரு ஸ்கேனருக்காக அதை மொத்த சர்வரிலும் திறந்துவிடாதீர்கள். அந்தச் சாதனத்தில் எஃப்டிபி இருந்தால், வேறு எதுவும் இல்லாத ஒரு தனி ஃபோல்டருக்கு அனுப்பச் சொல்லுங்கள்.