தாடைச் சதைக்கு ஊசியா, குளிரா, குழாயா?

கைப்பேசியைக் குனிந்து பார்க்கும்போது கறுத்த திரையில் ஒரு முகம் தெரியும். அதில் தாடைக்குக் கீழே இன்னொரு தாடை. அந்த இரண்டாவது தாடையை நம்பித்தான் இன்று பல அழகு சிகிச்சை நிலையங்கள் விளம்பரம் செய்கின்றன. "கத்தி இல்லை, தையல் இல்லை, அரை மணி நேரத்தில் வீட்டுக்குப் போகலாம்" என்கிறார்கள். அரை மணி நேரம் என்பது உண்மைதான். வீட்டுக்குப் போன பிறகு நடப்பதைத்தான் சொல்வதில்லை.

கொழுப்பைக் கரைக்கும் ஊசி என்ற பெயரைக் கேட்டால் வாணலியில் வெண்ணெய் உருகுவது நினைவுக்கு வரும். உள்ளே நடப்பது வேறு. ஊசியில் இருப்பது டிஆக்சிகோலிக் அமிலம், பித்த அமிலங்களில் ஒன்று. சாப்பிட்ட கொழுப்பு செரிப்பதற்குக் குடலில் உதவுவது. அதைத் தோலுக்கு அடியில் செலுத்தினால் கொழுப்புச் செல்லின் சவ்வைக் கிழித்துவிடும். செல் செத்துப்போகும், சிதறியதை உடல் சில வாரங்களில் மெல்ல அகற்றும். செத்த செல் திரும்பி வராது என்பதுதான் இந்த ஊசியின் பெரிய பலன். போட்ட ஊசியைத் திரும்ப எடுக்கவும் முடியாது.

அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2015 ஏப்ரலில் இதற்கு ஒப்புதல் கொடுத்தது; 'கைபெல்லா' என்ற பெயரில் விற்கிறது. தாடைக்கு அடியில் திரண்ட கொழுப்புக்கு மட்டுமே அந்த ஒப்புதல். வயிற்றுக்கோ கைச்சதைக்கோ இல்லை. ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளிக்கோலம் வைப்பதுபோலக் குறியிட்டு, புள்ளிக்கு 0.2 மில்லி. ஒரு அமர்வில் 50 குத்துகள் வரை, அமர்வுகளுக்கு நடுவே குறைந்தது ஒரு மாதம், மொத்தம் 6 அமர்வுகள் வரை. ஆய்வுகளில் இதைப் போட்டுக்கொண்டவர்களில் 87 சதவீதம் பேருக்கு வீக்கம், 72 சதவீதம் பேருக்கு ரத்தக்கட்டு, 66 சதவீதம் பேருக்கு மரமரப்பு. பொன்னுக்கு வீங்கி வந்த பிள்ளைபோல முகம் மாறிவிடலாம். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது யோசிக்க வேண்டிய வேலை அல்ல.

வீக்கம் வடிந்துவிடும். எனக்குத் தயக்கம் தருவது நரம்பு. கீழுதட்டை இழுக்கும் நரம்பு தாடை ஓரமாகவே ஓடுகிறது. மருந்து அங்கே பட்டால் சிரிப்பு ஒரு பக்கம் கோணிவிடும். ஆய்வுகளில் 4 சதவீதம் பேருக்கு இப்படி ஆனது. எல்லோருக்கும் சரியானது என்றாலும், அவர்களில் பாதிப் பேர் 44 நாட்களோ அதற்கு மேலோ காத்திருந்தார்கள். தோலுக்கு மிக அருகில் ஊசி இறங்கினால் புண்ணாகும், தோல் கருகவும் செய்யும். ஆகவே மருந்தைப் போலவே குத்தும் கையையும் விசாரிக்க வேண்டும்.

போட்டிக்கு நிற்பது குளிர். குச்சி ஐஸை வாயில் வைத்துக்கொண்டே இருந்த குழந்தைகளின் கன்னத்தில் கொழுப்பு மட்டும் வீங்கிக் குறைவதை மருத்துவர்கள் முன்பே கவனித்திருந்தார்கள். தோல் தாங்கும் குளிரைக் கொழுப்புச் செல் தாங்காது என்ற அந்தக் கவனிப்பின் வழியில் வந்தது, தோலுக்கு மேலிருந்தே கொழுப்பைக் குளிரவைக்கும் கருவி. ஊசி இல்லை, கோண வாய் பயமும் குறைவு. குளிர்ந்த கொழுப்பு அடுக்கில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும், அதுவும் இரண்டு மூன்று மாதங்களில். அரிதாக நேர்மாறாகி, குளிர்ந்த இடத்தில் கொழுப்பு கெட்டியாகப் பெருத்துவிடுவதும் உண்டு. விளம்பர அழகி லிண்டா இவாஞ்சலிஸ்டா தமக்கு அப்படி ஆனதை 2021இல் வெளியில் சொன்னார். அந்தக் கட்டியை எடுக்க அறுவைதான் வழி. கத்திக்குப் பயந்து குளிரிடம் போனவர் கடைசியில் கத்தியிடமே வருவார்.

மூன்றாவது, குழாய் வைத்து உறிஞ்சுவது. தாடைக்கு மட்டும் என்றால் அந்த இடத்தை மரக்கவைத்து, சிறு துளை வழியே ஒரே அமர்வில் முடிக்கலாம். ரத்தக்கசிவு, கிருமித்தொற்று, அதே நரம்பு என்ற அபாயங்கள் இங்கும் உண்டு. ஆனால் எவ்வளவு எடுக்கிறோம் என்பது அறுவை மருத்துவரின் கைக்குத் தெரியும். உடம்பின் பெரிய பகுதிகளில் செய்வது வேறு கணக்கு. 2022 மே மாதம் பெங்களூரில் கொழுப்பு நீக்கும் அறுவைக்குப் போன 21 வயது கன்னடச் சின்னத்திரை நடிகை உயிருடன் திரும்பவில்லை.

"வயிற்றுக்கும் போடலாம்" என்று சொல்லி விற்கும் குப்பிகளை இந்தப் போட்டியில் நான் சேர்க்கவே இல்லை. அக்வாலிக்ஸ், லிப்போ லேப், கேபலைன் போன்றவற்றுக்குத் தன் ஒப்புதல் இல்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023இல் பெயர் சொல்லி எச்சரித்தது. நிரந்தரத் தழும்பு, கடும் தொற்று, தோலுக்கு அடியில் வலிக்கும் முடிச்சுகள் என்று புகார்கள் வந்திருந்தன.

தோல் தளர்ந்தவருக்கு இந்த மூன்றுமே சரிப்படாது. நெல்லைக் கொட்டிவிட்ட வெறும் சாக்குபோலத் தோல் தொங்கும். சிலருக்கு அது கொழுப்பே அல்ல, தைராய்டு வீக்கமாக இருக்கும். தோல் இறுக்கமாக, சதை கொஞ்சமாக, ஆறு மாதப் பொறுமையோடு இருப்பவருக்கு ஊசி பொருந்தும். சதை நிறைய இருந்தால், ஒரே தடவை வலியோடு முடியும் குழாயைத்தான் நான் சொல்வேன். ஊசிக்கே போவதானால், மூடி திறக்காத குப்பியைக் கையில் வாங்கி, ஒட்டியிருக்கும் பெயரைப் படித்துவிட்டுப் படுங்கள். காட்டத் தயங்கினால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.