தாத்தாவோட டிரங்க் பெட்டியும் இந்த ஸ்டுடியோவும்

பழைய போட்டோ, கேசட்டு எல்லாம் டிஜிட்டலா மாத்தி புக்கா போட்டுத் தர்றது, மெடல் ஃப்ரேம் பண்றது, இதெல்லாம் ஒரே இடத்துல செய்றாங்கனு கேள்விப்பட்டு திருச்சில இருக்க இந்த ஸ்டுடியோவுக்குப் போனோம். தாத்தாவுக்கு இப்ப 91 வயசு. அத்தை வீட்டுப் பரண்ல இருந்து அவரோட டிரங்க் பெட்டிய இறக்கினா பாதி போட்டோ பூஞ்சை பிடிச்சுக் கிடக்கு, அவர் இருக்கும்போதே அவர்கிட்ட கேட்டுக் கேட்டு எல்லாத்தையும் சரி பண்ணிடணும்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டோம்.

தாத்தா 19 வயசுல மெட்ராஸ் ரெஜிமெண்ட்ல சேர்ந்தவர். குன்னூர் பக்கத்துல இருக்க வெலிங்டன்ல டிரெய்னிங், அப்புறம் பாகிஸ்தானோட நடந்த 65 சண்டை, 71 சண்டை ரெண்டையும் பார்த்துட்டு ஹவில்தாரா ரிட்டயர் ஆகி வந்து, நாப்பது வயசுக்கு மேல நந்தனம் ஒய்எம்சிஏல படிச்சு (உடற்கல்விக்கான காலேஜ் அது) ஸ்கூல்ல பி.டி. வாத்தியாரா சேர்ந்தார். ஊர்ல எல்லாருக்கும் அவர் டிரில் மாஸ்டர்தான். சாயங்காலம் கிரவுண்ட்ல விளையாட்டு, அது முடிஞ்சதும் அதே பசங்கள திண்ணைல உக்கார வச்சு கணக்கு சொல்லிக் கொடுப்பார், காசு வாங்கினதே இல்ல. ஃபெயிலானா டீம்ல இடம் கிடையாதுன்னு ஒரே சட்டம், அதுக்காகவே படிச்சு மேல வந்த அண்ணன்கள் எத்தனையோ பேர் இன்னைக்கும் பொங்கலுக்கு வீடு தேடி வந்து கால்ல விழுந்துட்டுப் போறாங்க.

சரி ஸ்டுடியோ விஷயத்துக்கு வர்றேன். முதல்ல மெடல். நாங்க வீட்டுலயே பிராசோ பாலிஷ் போட்டுத் தேய்ச்சு பளபளன்னு கொண்டு போகலாம்னுதான் இருந்தோம், நல்லவேளை போன்ல கேட்டோம், தேய்க்காதீங்க, ஓரத்துல பொறிச்சிருக்க நம்பரும் பேரும் தேய்ஞ்சுடும்னு சொல்லிட்டாங்க. வெறும் மெல்லிசு துணியால துடைச்சு, இத்துப்போன ரிப்பன மட்டும் மாத்தி, கண்ணாடிப் பெட்டி மாதிரி ஆழமான ஃப்ரேம்ல வச்சாங்க. வரிசையப் பார்த்ததும் தப்பா வச்சிருக்காங்கனு நான் சண்டைக்கே போயிட்டேன். 65க்கு கிடைச்ச சமர் சேவா ஸ்டார், பக்கத்துல 71க்கு கிடைச்ச பஸ்சிமி ஸ்டார், அதுக்கப்புறம் திரும்பவும் 65 ரக்ஷா மெடல், கடைசில 71 சங்கிராம் மெடல். வருஷ வரிசை இல்லயேன்னு கேட்டா, ஸ்டாரெல்லாம் முன்னாடி, மெடல் பின்னாடி, மாட்டுற முறையே அப்படித்தான்னு ஸ்டுடியோக்காரர் பொறுமையா சொன்னாரு. தாத்தாவும் "ஆமா, அதான் கரெக்ட்டு"ன்னுட்டார். தெரிஞ்ச ஆள்கிட்டதான் கொடுத்திருக்கோம்னு அப்பதான் நிம்மதி வந்துச்சு.

போட்டோலதான் ஒரு பிரச்சனை ஆச்சு. வெலிங்டன் ஹாக்கி டீம் போட்டோ, போஸ்ட்கார்டு சைஸ், பதினோரு பேர் கையில ஸ்டிக்கோட நிக்கிறது. 1200 டிபிஐல ஸ்கேன் பண்ணி பூஞ்சையெல்லாம் எடுத்து அனுப்பினாங்க, பார்க்க அவ்வளவு சுத்தமா இருந்துச்சு, ஆனா தாத்தா மூஞ்சி தாத்தா மூஞ்சியாவே இல்ல. உத்துப் பார்த்தப்பதான் தெரிஞ்சுது, இடது புருவத்த ரெண்டா வெட்டுற மாதிரி ஒரு தழும்பு இருக்கும், அத காணோம். ஏஐ சாஃப்ட்வேர் அதையும் கீறல்னு நினைச்சு நிரப்பிடுச்சு. அந்தத் தழும்பு இல்லாம தாத்தா ஏது? சண்டைல குண்டு பட்டதுன்னு ஸ்கூல் பசங்க எல்லாம் நம்பிட்டு இருப்பாங்க, அவர் ஒவ்வொரு தடவையும் "குண்டு இல்லடா, ஹாக்கி கட்டை, மூணு தையல்"னு திருத்துவார். பெருமைக்குன்னுகூட ஒரு தடவை ஆமான்னு சொன்னதில்ல. போன் பண்ணிச் சொன்னதும் மன்னிப்புக் கேட்டு, மூஞ்சிய மட்டும் கையாலயே திரும்ப ரீடச் பண்ணி நாலு நாள்ல அனுப்பினாங்க, எக்ஸ்ட்ரா காசு கேக்கல. ஆனா முதல்லயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், நாங்க கவனிக்காம பிரிண்டுக்கு ஓகே சொல்லியிருந்தா அப்படியே போயிருக்கும்.

புக்குல கேப்ஷன் எழுதுறதுக்கு ஒரு தம்பி வீட்டுக்கே வந்து தாத்தாகிட்ட ரெண்டு மணி நேரம் உக்காந்து கேட்டாரு. இந்த சர்வீஸ்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். 71ன்னதும் அந்தத் தம்பி டாக்கா சரண்டர்னு (கிழக்குல பாகிஸ்தான் படை சரணடைஞ்சது) எழுதப் போனாரு, தாத்தா கைய நீட்டி நிறுத்திட்டார். "தம்பி, நான் டாக்காவுல இல்ல. மேற்கு பார்டர்ல இருந்தேன். அங்க டிசம்பர் 16ஆம் தேதி சரண்டர், எங்களுக்கு 17ஆம் தேதி ராத்திரி எட்டு மணிக்குத்தான் சண்டை நின்னுச்சு. நான் இல்லாத இடத்த என் பேருல போடாதீங்க அய்யா"ன்னார். அந்தத் தம்பி எழுதினத அடிச்சுட்டு அப்படியே மாத்தினாரு, படிச்சும் காட்டினாரு. பஸ்சிமி ஸ்டார்னா மேற்குல இருந்தவங்களுக்கு, கிழக்குல இருந்தவங்களுக்கு பூர்வி ஸ்டார், அந்த வித்தியாசமே எங்க வீட்டுல பாதிப் பேருக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

அடுத்தது கேசட்டு. மொத்தம் ஆறு, எல்லாம் 90 நிமிஷ கேசட்டு. இத வேகமா காப்பி பண்றதில்ல, நல்ல குவாலிட்டி வேணும்னா ஓட விட்டுத்தான் எடுக்கணும், ஆறுக்கும் சேர்த்து ஒன்பது மணி நேரம் ஓட்டியிருக்காங்க. ஒண்ணுல உள்ள இருக்க சின்ன பஞ்சுப் பட்டை கழண்டு டேப் ஹெட்டுல ஒட்டாம சத்தமே வரல, டேப்ப பிரிச்சு வேற ஸ்க்ரூ போட்ட கூட்டுக்குள்ள மாத்தி வச்சு எடுத்திருக்காங்க. அதுலதான் 1989 ஸ்கூல் பூப்பந்து மேட்ச் இருந்துச்சு. மஞ்சக் கம்பளிப் பந்து, சைடுக்கு அஞ்சு பேர், தாத்தா அம்பயர். "இருபத்தெட்டு, இருபத்தாறு"ன்னு கணீர்னு அந்தக் குரல கேட்டதும் அப்பா அப்படியே சேர்ல உக்காந்துட்டார், அப்பெல்லாம் 29 பாயிண்ட்ல ஆட்டம் முடியும், அதனால இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தா ஆட்டமே முடிஞ்சுது. ஆனா தாத்தா ஹெட்போன கழட்டிட்டு கேட்ட ஒரே கேள்வி, "பந்து சத்தம் எங்க?". இரைச்சல் எடுக்குறேன்னு பேட்டுல பந்து படுற அந்த டப் டப் சத்தத்தையும் சேர்த்து எடுத்துட்டாங்க. கேட்டதும் எதுவும் தொடாத வேவ் ஃபைல தனியா கொடுத்தாங்க. நீங்க கொடுக்குறதா இருந்தா ஒரிஜினல் ஃபைலும் வேணும்னு முதல்லயே சொல்லி வைங்க.

மொத்தம் 14,500 ரூபா ஆச்சு, ஃப்ரேம் மட்டும் 3,800. கம்மி இல்ல. மூணு வாரம்னு சொல்லி ஆறு வாரம் இழுத்தாங்க, போன் எடுக்கல, நேர்ல போய்த்தான் கேக்க வேண்டியிருந்துச்சு, பெரியவங்கள வச்சுக்கிட்டு காத்திருக்கவங்களுக்கு அது பெரிய கஷ்டம், கண்டிப்பா மாத்திக்கணும். மாடில இருக்கு, லிஃப்ட் கிடையாது, ஆனா தாத்தா வந்தப்ப ஃப்ரேமையும் புக்கையும் அவங்களே கீழ கார் வரைக்கும் கொண்டு வந்து காட்டினாங்க. அஞ்சுக்கு நாலு கொடுக்குறேன், அந்த ஒண்ணு லேட்டுக்கு.

பெட்டிக்கு அடியில இன்னும் ரெண்டு கேசட்டு இருக்கு, மேல தாத்தா கையெழுத்துல ஸ்கோர் மட்டும் எழுதியிருக்கு, எந்த மேட்ச்னு இல்ல. அடுத்த வாரம் அவரையும் கூட்டிட்டுப் போய் இங்கயே கொடுக்கப் போறோம்.